எடை சரி... மரை சரியா?

நம் ஆண்டு மலரில் வருஷா வருஷம் கெமிக்கல் பிரிவிலிருந்து ஒரு கட்டுரையாவது வந்துவிடும். மெக்கானிக்கல் நண்பர்கள் அந்த இரண்டு பக்கங்களை மட்டும் அலுங்காமல் தள்ளிவிட்டு நேராகக் கவிதைப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் இந்த முறை நான் வொர்க்‌ஷாப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தயவுசெய்து தள்ளாதீர்கள்!

முதலாம் ஆண்டில் பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னபோது, ஸ்பேனரை வழக்கமான பக்கமே திருகித் திருகி வியர்த்துப் போனது ஞாபகம் இருக்கிறதா? "அது லெஃப்ட் மரைடா, மாத்திச் சுத்து" என்று இன்ஸ்ட்ரக்டர் வந்து சொன்ன பிறகுதான் கழன்றது. சைக்கிளின் இடது பெடலும் அப்படித்தான். வெல்டிங் ஷாப்பில் அசிட்டிலீன் சிலிண்டரில் மாட்டும் நட்டும் இடது மரை. ஆக்சிஜனுக்கு வலது மரை. ஒன்றை மற்றதில் தெரியாமல்கூட மாட்டிவிடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு.

இப்போது ஒரு கேள்வி. ஒரே ஸ்டீல், ஒரே விட்டம், ஒரே பிட்ச் உள்ள இரண்டு போல்ட்கள். ஒன்று வலது மரை, மற்றது இடது மரை. தராசில் வைத்தால் எடை ஒன்று. மைக்ரோமீட்டரில் பிடித்தால் விட்டம் ஒன்று. தண்ணீரில் போட்டு அடர்த்தி பார்த்தாலும் ஒன்றேதான். ஒரு கூடை வலது மரை போல்ட்டுக்குள் நாலு இடது மரை போல்ட் விழுந்துவிட்டால், கண்ணைக் கட்டிக்கொண்டு, தராசையும் மைக்ரோமீட்டரையும் மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு வலது மரை நட்டைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் முடியும். வலம், இடம் பார்க்க வேண்டுமானால், அளக்கிற கருவிக்கும் வலம் இடம் இருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்த வேதியியல் இவ்வளவுதான். மூலக்கூறு அளவில் அந்த நட்டை எங்கே தேடுவது என்பதுதான் மிச்சக் கதை.

மூலக்கூறிலும் மரை உண்டா என்றால், உண்டு. ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு பிணைப்புகள். நான்கிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால், அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். அந்த இரண்டும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி. நம் இரண்டு கைகள் மாதிரி. ஒன்றன்மேல் ஒன்றை அப்படியே பொருத்த முடியாது. இப்படிப்பட்ட மூலக்கூறைத்தான் 'கைரல்' என்கிறார்கள். கிரேக்க மொழியில் கை என்று பொருள்படும் சொல்லிலிருந்து கெல்வின் பிரபு உண்டாக்கிய வார்த்தை. தமிழில் எழுதினாலும் முன்னால் 'கை' நிற்பது தற்செயல்தான், ஆனாலும் பரீட்சைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும்! இரண்டு வடிவங்களையும் ஒன்றுக்கொன்று எதிருரு என்போம். இரண்டும் பாதிப்பாதி கலந்திருந்தால் அது ரெசிமிக் கலவை, பாடநூல் தமிழில் சுழிமாய்க் கலவை.

இதை முதன்முதலில் கையால் பிரித்துக் காட்டியவர் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடி ஊசிக்குப் பெயர் போன அதே பாஸ்டர்தான். 1848-ல் அவருக்கு வயது 25. டார்டாரிக் அமிலத்தின் ரெசிமிக் வகையிலிருந்து சோடியம் அமோனியம் உப்பைப் படிகமாக்கினார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சில படிகங்களில் ஒரு சிறு முகம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, சிலவற்றில் இடப்பக்கம். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக வைத்தார். தனித்தனியே கரைத்து முனைவுற்ற ஒளியை உள்ளே விட்டால், ஒரு கரைசல் ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பியது, மற்றது அதே அளவு இடப்பக்கம். ஒளி இப்படித் திரும்பும் என்பதையே பல ஆண்டுகளுக்கு முன் கண்டவர் கிழவர் பியோ. அவர் பாஸ்டரைக் கூப்பிட்டு, 'என் கண் முன்னால் மறுபடி செய்' என்று செய்ய வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினார். (இன்னொரு வேடிக்கை: அந்த உப்பு சுமார் 27, 28 டிகிரிக்கு மேல் இப்படித் தனித்தனிப் படிகமாக விழாது. பாஸ்டர் நம் ஊர் மே மாதத்தில் செய்து பார்த்திருந்தால் இந்த இயல் நமக்குப் பாடத்தில் வந்தே இருக்காது!)

பாஸ்டர் கையாண்ட டார்டாரிக் அமிலம் ஒயின் பீப்பாய்களில் படிந்த கசடிலிருந்து வந்தது. நமக்கு பீப்பாய் வேண்டாம், ரசத்துக்குக் கரைக்கும் புளி போதும். புளியில் இருப்பதும் அதே அமிலம்தான், அதே வலஞ்சுழி வடிவம்தான். மரம் ஒரு நாளும் தவறி மற்ற வடிவத்தைச் செய்வதில்லை. ஆனால் தொழிற்சாலையில் ரியாக்டரில் போட்டுச் சாதாரணமாகக் காய்ச்சினால் இரண்டும் சரிபாதியாக விழும். இயற்கைக்கும் நமக்கும் இதுதான் வித்தியாசம். இந்தப் புளி அமிலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

சித்தப்பாவும் சிக்னலும்

என் சித்தப்பா லாரி டிரைவர். நான் நான்காம் செமஸ்டர் படிக்கும்போது அவருக்கு டி.பி. என்று தெரிந்தது. அரசாங்க மருத்துவமனையில் ஆறு மாத மருந்து, காசில்லாமல். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். இரண்டு கட்டத்திலும் எதாம்பியூட்டால் என்ற மருந்து உண்டு. ஒரு மாத்திரையில் 275 மில்லிகிராம். எடைக்குத் தக்கபடி ஒரு நாளைக்கு இத்தனை மாத்திரை என்று கணக்கு.

ஒவ்வொரு முறை போகும்போதும் நர்ஸம்மா அவரிடம் ஒரு கேள்வி கேட்பாராம்: "பார்வை மங்குதா? சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியுதா?" சித்தப்பா வீட்டுக்கு வந்து, "டிரைவர்கிட்ட போய் சிக்னல் தெரியுதானு கேக்குறாங்கப்பா" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதாம்பியூட்டால் சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். சிவப்பு, பச்சை குழம்புவது அதன் ஆரம்ப அடையாளம். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். அந்த நேரம் எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

ஐந்தாம் செமஸ்டர் முடிந்து இன்-பிளாண்ட் டிரெயினிங்குக்கு நான்கு பேர் ஒரு மருந்து மூலப்பொருள் தொழிற்சாலைக்குப் போனோம். பெயர் வேண்டாம். போன இடத்தில் செய்துகொண்டிருந்ததே எதாம்பியூட்டால்தான்! என்னைத் தரக் கட்டுப்பாட்டு லேப்பில் போட்டார்கள்.

எதாம்பியூட்டால் 1961-ல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த மருந்து. அதன் மூலக்கூறு பார்க்க ஒரு சங்கிலி மாதிரி இருக்கும். இரண்டு முனைகளிலும் ஒரே மாதிரி துண்டு, நடுவில் இரண்டு கார்பன் பாலம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கைரல் கார்பன். ஆகவே மூன்று வடிவங்கள் சாத்தியம். இரண்டு பக்கமும் எஸ். இரண்டு பக்கமும் ஆர். ஒரு பக்கம் எஸ், மறு பக்கம் ஆர். கடைசியாகச் சொன்னதற்கு மீசோ என்று பெயர். டி.பி. கிருமியை அடக்குவது எஸ்-எஸ் வடிவம். ஆர்-ஆர் வடிவத்தின் வீரியம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீசோவும் பல மடங்கு மட்டம்தான்.

நம் கைடுகளில் 'எஸ்-எஸ் டி.பி.யைக் குணமாக்கும், ஆர்-ஆர் கண்ணைக் குருடாக்கும்' என்று ஒரு வரி இருக்கும். மனப்பாடம் பண்ண வசதியான வரி, அவ்வளவுதான். சித்தப்பா சாப்பிட்ட சுத்தமான எஸ்-எஸ் வடிவமே கண்ணைப் பாதிக்கக்கூடியது. அதனால்தான் நர்ஸம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். விஷயம் வேறு. கிருமியை அடிக்காத வடிவம் மாத்திரையில் இருந்தால், உடம்பு அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும், வேலை செய்யும் மருந்தோ அந்த அளவு குறைந்துவிடும். கிருமிக்குக் குறைந்த அளவு மருந்து கொடுப்பது எவ்வளவு மோசம் என்று டி.பி. பார்த்த வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் போட்ட 'பாஸ்'

இந்த மருந்தைச் செய்ய முதலில் 2-அமினோபியூட்டனால் என்ற திரவம் வேண்டும். அது ரெசிமிக்காகத்தான் கிடைக்கும். அதிலிருந்து எஸ் வடிவத்தை மட்டும் எடுக்கப் பயன்படுவது எது தெரியுமா? நம் புளி அமிலம்! கலவையில் வலஞ்சுழி டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்தால் இரண்டு வித உப்புகள் உண்டாகும். வலது கையும் வலது கையும் குலுக்குவதற்கும், வலது கையும் இடது கையும் குலுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு உப்புகளுக்கும் உண்டு. அவை இப்போது எதிருருக்கள் அல்ல, கரைதிறன் வேறு. ஒன்று படிகமாக விழும், மற்றது கரைசலிலேயே தங்கும். விழுந்ததை வடிகட்டி, மறுபடி கரைத்து, மறுபடி படிகமாக்கி, தேவையான சுத்தம் வரும்வரை செய்ய வேண்டும். பிறகு உப்பிலிருந்து எஸ் அமினோபியூட்டனாலை மீட்டு, டைகுளோரோ எத்தேனுடன் வினைபுரிய வைத்தால் எதாம்பியூட்டால்.

ஒரு நாள் ஒரு பேட்ச் மாதிரி வந்தது. டைட்ரேஷன் செய்தார்கள்: 99.6 சதவீதம். அடுத்து ஒளிச்சுழற்சி. டிஜிட்டல் போலாரிமீட்டர் சர்வீஸுக்குப் போயிருந்ததால், நம் லேப்பில் இருப்பது மாதிரி ஒரு பழைய கைக்கருவியை எடுத்துக் கொடுத்து "தம்பி, நீங்க பாருங்க" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை! சோடியம் விளக்கு மஞ்சளாகும்வரை காத்திருந்து, வெறும் தண்ணீர் ஊற்றிச் சுழியம் பார்த்து, குழாயில் குமிழி இல்லாமல் 10 சதவீதக் கரைசல் நிரப்பி, வட்டத்தின் இரண்டு பாதியும் ஒரே வெளிச்சம் ஆகும் இடத்தை ஆறு தடவை எடுத்துச் சராசரி போட்டேன். நியமச் சுழற்சி +6.5. ஃபார்மகோபியா எனும் மருந்து நூலில் கேட்பது +6.0 முதல் +7.0 வரை. சரியாக நடுவில்! ரஃப் நோட்டில் பெரிதாக 'பாஸ்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

சீனியர் கெமிஸ்ட் மேடம் வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, அதுக்குள்ள பாஸ் போட்டாச்சா? எதை வச்சு?"

"ரீடிங் லிமிட்டுக்குள்ள இருக்கு மேடம். டைட்ரேஷனும் 99.6."

"டைட்ரேஷனுக்கு அமீன் இருந்தாப் போதும். அது எஸ்ஸா ஆரா, மீசோவானு அதுக்கு என்ன தெரியும்? சரி, ஒரு பேப்பர் எடுங்க. அமினோபியூட்டனால்ல ரெண்டு பர்சென்ட் ஆர் தங்கிடுச்சுனு வச்சுக்கங்க. கணக்குப் போடுங்க."

போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள், நிகழ்தகவுக் கணக்குதான். ஒரு துண்டு எஸ் ஆக இருக்க வாய்ப்பு 0.98. இரண்டு துண்டும் எஸ் ஆக இருக்க 0.98 × 0.98 = 0.9604. இரண்டும் ஆர் ஆக இருக்க 0.02 × 0.02 = 0.0004. மிச்சம் 0.0392 மீசோ. அதாவது, உள்ளே போன இரண்டு சதவீதத் தப்பு ஆர்-ஆர் ஆக வெளியே வரவே இல்லை. கிட்டத்தட்ட முழுவதும் மீசோவாக வேஷம் மாற்றி, நான்கு சதவீதமாக வந்து உட்கார்ந்துவிட்டது. மீசோவின் ஒரு பாதி ஒளியை வலப்பக்கம் திருப்பினால் மறு பாதி அதே அளவு இடப்பக்கம் திருப்பும். மொத்தத்தில் சுழற்சி சுழியம். போலாரிமீட்டரைப் பொறுத்தவரை மீசோவும் ஒன்றுதான், உப்புத் தண்ணீரும் ஒன்றுதான்.

சுத்தமான சரக்கு +6.8 காட்டும் என்று வைத்துக்கொண்டால், இந்தச் சரக்கு அதில் 96 சதவீதம், அதாவது சுமார் +6.5 காட்டும். என் ரீடிங்!

இதில் கருவியைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் செமஸ்டரில் நாம் சர்க்கரைக் கரைசலுக்கு எடுத்தோமே, அதன் நியமச் சுழற்சி +66.5. பத்து சதவீதக் கரைசலை 20 செ.மீ. குழாயில் ஊற்றினால் 13 டிகிரிக்கு மேல் திரும்பும். எதாம்பியூட்டால் அதே குழாயில் 1.3 டிகிரி சொச்சம்தான். 96-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.05 டிகிரி. அந்த வெர்னியரில் அது ஒரே ஒரு கோடு. என் கண், வெளிச்சம், குழாயின் சூடு, மாதிரியில் உள்ள ஈரம் எல்லாம் சேர்ந்தால் ஒரு கோடு எங்கே போகும்? டிஜிட்டல் கருவி இருந்திருந்தால் 6.53 என்று அழகாகக் காட்டியிருக்கும். அதுவும் 'பாஸ்'தான்! போலாரிமீட்டர் சொல்வது மொத்தச் சுழற்சியை மட்டும். எந்த வடிவம் எத்தனை என்று அதனிடம் கேட்டால் அதற்குத் தெரியாது.

நட்டைத் தேடி

மேடம் அடுத்து செய்யச் சொன்னதுதான் எனக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியதற்குக் காரணம். மருந்து மூலக்கூறோடு, ஒரே கையுள்ள இன்னொரு மூலக்கூறை ஒட்டவைப்பது. அங்கே உபயோகித்தது ஆர் வடிவ மெத்தில்பென்சைல் ஐசோசயனேட். வாயில் நுழையாத பெயர், மூக்கில் நுழைந்தால் எரியும். ஃப்யூம் ஹூட் இல்லாமல் தொடக் கூடாது. இது அமீனைக் கண்டதும் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது எஸ்-எஸ், மீசோ, ஆர்-ஆர் மூன்றுக்கும் ஒரே வலது கை வால் முளைத்துவிட்டது. புளி அமிலம் செய்த அதே கைகுலுக்கல் வித்தைதான். மூன்றும் இப்போது வெவ்வேறு குணமுள்ள பொருள்கள். சாதாரண எச்.பி.எல்.சி. குழாயில் விட்டாலே வேறு வேறு நேரத்தில் வெளியே வரும். (லேப் பாஷையில் அந்தக் குழாய்க்குப் பெயர் காலம். "காலம் சரியில்லை" என்று முதல் நாள் யாரோ சொன்னபோது ஜாதகத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.)

வால் ஒட்டுவது ஒரு வழி. இன்னொரு வழி, குழாய்க்குள்ளேயே நட்டுகளை அடுக்கி வைப்பது. குழாயில் நிரப்பும் சிலிக்கா துகள்களின் மேல் கையுள்ள ஒரு பொருளைப் பூசிவிடுவார்கள். மருந்துக் கரைசல் அதன் வழியே ஓடும்போது ஒரு எதிருரு அங்கங்கே பொருந்திப் பொருந்தி நின்று வரும். மற்றது சரியாகப் பொருந்தாமல் முந்திக்கொண்டு ஓடிவிடும். 1980-களில் அமெரிக்காவில் பிர்க்கிள் இந்த வகைக் குழாய்களைச் செய்தார். ஜப்பானில் ஒகமோட்டோ செல்லுலோஸையும் அமைலோஸையும் வேதிமுறையில் கொஞ்சம் மாற்றிப் பூசினார். செல்லுலோஸ் என்றால் பஞ்சு. அமைலோஸ் நம் கஞ்சியில் உள்ள ஸ்டார்ச்சின் ஒரு பகுதி. இரண்டும் குளுக்கோஸ் கண்ணிகளால் ஆன சங்கிலி, எல்லாக் கண்ணியும் ஒரே கை. இயற்கை நமக்குச் சும்மா கொடுத்த மரை அளவி! சும்மா கிடைத்த பஞ்சுதான் என்றாலும் அந்தக் குழாய் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அதனால்தான் சின்ன தொழிற்சாலைகள் இன்னும் வால் ஒட்டும் முறையையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

என்.எம்.ஆர். கருவி இருக்கும் இடங்களில் 1969-ல் மோஷர் கொண்டுவந்த அமிலத்தை ஒட்டிப் பார்ப்பதும் உண்டு. அது ஆராய்ச்சிக்கூடச் சமாச்சாரம், இங்கே விட்டுவிடுகிறேன்.

முடிவு எழுதும்போது ஒரு குழப்பம் வரும், வைவாவில் நிச்சயம் கேட்பார்கள். 'எதிருரு மிகுதி' என்பது ஒரு வடிவத்தின் சதவீதத்திலிருந்து மற்றதன் சதவீதத்தைக் கழித்து வருவது. 95-ம் 5-ம் கலந்திருந்தால் மிகுதி 95 அல்ல, 90. '98 மிகுதி' என்று பெருமையாக எழுதியிருந்தால் நூற்றுக்கு ஒன்று தப்பு வடிவம் என்று அர்த்தம். ரெசிமிக் கலவைக்கு மிகுதி சுழியம், பாதி மருந்து நல்லதாகவே இருந்தாலும்!

இனி, நான் பட்ட இரண்டாவது அடி. வால் ஒட்டிய மாதிரியை நானே எச்.பி.எல்.சி.யில் போட்டேன். வந்த வரைபடத்தில் ஒரே ஒரு சிகரம். "மேடம், ஒரே பீக்! சுத்தம்!" என்று ஓடினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டாவது பீக் எங்க வரும்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

"வர்ற இடமே தெரியாம, வரலைனு எப்படிச் சொல்றீங்க? ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்திருந்தா?"

முதலில் மூன்று வடிவங்களும் வேண்டுமென்றே கலந்த மாதிரி ஒன்றை ஓட்ட வேண்டும். அதில் மூன்று சிகரங்களும் தனித்தனியாகப் பிரிந்து வந்தால்தான் அந்த முறைக்கே தகுதி. கூடையில் இடது மரை போல்ட் இல்லை என்று சொல்லுமுன், கையில் உள்ள நட்டு இடது மரையைத் தடுக்கிறதா என்று ஒரு இடது மரை போல்ட்டை வைத்துப் பார்ப்பது மாதிரி. மெக்கானிக்கல் நண்பர்கள் 'நோ கோ' கேஜ் என்பார்களே, அதுதான். அப்படி ஓட்டிப் பார்த்தபோது மூன்று சிகரங்களும் ஒன்றாகக் குவிந்து ஒரே மேடாக வந்தன. கரைப்பான் கலவையில் தண்ணீரின் பங்கை நான் தப்பாக வைத்திருந்தேன். சரி செய்து மறுபடி ஓட்டியதும் மூன்றும் பிரிந்தன.

அதே நிலையில் பேட்ச் மாதிரியை ஓட்டினோம். பெரிய சிகரம் ஒன்று. பக்கத்தில், மீசோ வர வேண்டிய இடத்தில், ஒரு குட்டி மேடு. பரப்பளவுக் கணக்கில் 3.8 சதவீதம். ஆர்-ஆர் வரும் இடத்தில் கோடு கிட்டத்தட்ட நேராகவே போயிற்று. பேப்பரில் போட்ட நிகழ்தகவுக் கணக்கு அப்படியே கண்ணெதிரில்! எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமா, பயமா என்று சொல்லத் தெரியவில்லை. என் நோட்டில் அடிக்கோடு போட்ட 'பாஸ்' இன்னும் அப்படியே இருந்தது.

இதில் இன்னும் இரண்டு நுணுக்கம் உண்டு. ஒன்று, வாலாக ஒட்டும் பொருளே நூற்றுக்கு நூறு ஒரே கையாக இருக்க வேண்டும். அதில் ஒரு சதவீதம் எதிர் வடிவம் கலந்திருந்தால், நல்ல மருந்தும் கலப்படம் மாதிரித் தெரியும். அளவிக்கே அளவி வேண்டும். ஆகவே புது பாட்டில் திறந்தால் முதலில் அதைச் சோதிக்கிறார்கள். அத்துடன் வினை முழுவதும் முடிந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒரு வடிவம் வேகமாக ஒட்டி மற்றது பின்தங்கி, விகிதமே மாறிவிடும். இரண்டாவது, சின்னச் சிகரம் பெரிய சிகரத்துக்கு முன்னால் வருகிற மாதிரி அமைத்துக்கொள்வது நல்லது. பெரியதற்குப் பின்னால் வந்தால் அதன் வாலில் சின்னது மறைந்துவிடும், பஸ்ஸுக்குப் பின்னால் வரும் சைக்கிள் மாதிரி. ஒட்டும் பொருளின் கையை மாற்றினால் பல சமயம் வரிசையும் மாறும். 

எல்லா மருந்துக்கும் இதே கவலையா என்றால் இல்லை. இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையில் எஸ் வடிவம்தான் வேலை செய்யும். ஆனால் ஆர் வடிவத்தின் பெரும் பகுதியை உடம்பே எஸ் ஆக மாற்றிக்கொள்கிறது. ஆகவே பெரும்பாலும் ரெசிமிக்காகவே விற்கிறார்கள். இதற்கு நேர் எதிர் உதாரணமாக எல்லோரும் சொல்வது தாலிடோமைடு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961-ல் நிறுத்தப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் ஊனத்துடன் பிறக்கக் காரணமான மருந்து. 'நல்ல கையை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது' என்று நானும் செமினாரில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அது தப்பு. தாலிடோமைடின் இரண்டு வடிவங்களும் ரத்தத்தில் ஒன்று மற்றதாக மாறிக்கொண்டே இருக்கும். சுத்தமாகக் கொடுத்தாலும் சில மணி நேரத்தில் இரண்டும் இருக்கும். பாட்டிலில் அளப்பது மட்டும் போதாது, உள்ளே போன பிறகும் அளக்க வேண்டும் என்பதற்குத்தான் அது உதாரணம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1992-ல் வெளியிட்ட கொள்கையிலும் இதுதான் சாரம்: ஒவ்வொரு எதிருருவும் உடம்பில் என்ன ஆகிறது என்று ஆரம்பத்திலேயே தனித்தனியாக அளக்கும் முறையை உருவாக்குங்கள்.

திரும்ப நம் பேட்சுக்கு வருகிறேன். மேடம் பின்னோக்கிப் போய் அமினோபியூட்டனால் பதிவேட்டைப் பார்த்தார். புளி அமில உப்பை வழக்கமாக மறுபடிகமாக்கும் எண்ணிக்கையில் அந்த லாட்டுக்கு ஒரு தடவை குறைந்திருந்தது. டிஸ்பாட்ச் அவசரமாம். அடுத்த லாட்டை முறைப்படி படிகமாக்கிச் செய்தபோது மீசோ 0.4 சதவீதம். அந்த மாதிரிக்கும் போலாரிமீட்டர் ரீடிங் நான்தான் எடுத்தேன்: +6.8. நேர்மையாகச் சொன்னால், முதல் நாள் 6.5 எடுத்த கைக்கும் இன்று 6.8 எடுத்த கைக்கும் வித்தியாசம் எனக்கே தெரியவில்லை. ஒரு கோடு இந்தப் பக்கம், ஒரு கோடு அந்தப் பக்கம்.

நாங்கள் டிரெயினிங் முடித்துக் கிளம்பிய அன்று, பழைய பேட்சின் டிரம்கள் ஸ்டோர் மூலையில் சிவப்பு 'ஹோல்ட்' சீட்டு ஒட்டியபடி நின்றன. மீசோ எதிருரு இல்லை என்பதால் ஆல்கஹாலில் கரைத்து மறுபடி படிகமாக்கினால் பெரும்பாலும் கழிந்துவிடும், ஆனால் சரக்கும் கொஞ்சம் நஷ்டமாகும். அதைப் பற்றி மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார் மேடம். என் ரஃப் நோட்டை வாங்கி, அந்த 'பாஸ்' மேல் ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் தேதி போட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அழிக்கக் கூடாதாம், அடித்தது தெரிய வேண்டுமாம்.

நம் கெமிஸ்ட்ரி லேப் அலமாரியில் மேல் தட்டில், தூசி படிந்த மரப்பெட்டிக்குள் ஒரு போலாரிமீட்டர் இருக்கிறது. குழாயின் ஒரு பக்க மூடியில் வாஷர் மட்டும் புதிதாகப் போட வேண்டும். ஸ்டோரில் உள்ள டார்டாரிக் அமிலத்தை 20 சதவீதக் கரைசலாக்கி ஊற்றினால் நியமச் சுழற்சி +12 பக்கத்தில் வரும். லேப் அசிஸ்டெண்டிடம் கேட்டு வைத்திருக்கிறேன். சோடியம் விளக்கு மஞ்சளாகப் பத்து நிமிஷம் பிடிக்கும், முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.